தொட்டியில் உப்பு போடாதீர்கள்

எங்கள் மீன் நோய் ஆய்வகத்தில், தொட்டி அறைக் கதவுக்கு மேலே ஒரு தகரப் பலகை தொங்குகிறது. மஞ்சள் நிறத்தில் சிவப்பு எழுத்து. ‘தொட்டியில் உப்பு போடாதீர்கள். இப்படிக்கு, ஏழுமலை.’ லாரிகளுக்குப் பின்னால் ‘ஒலி எழுப்பவும்’ என்று எழுதுகிற பெயின்டர் எழுதியது. இத்தனை வருடம் ஆகியும் அந்தச் சிவப்பு வெளுக்கவில்லை.

போன மாதம் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் செவிலிமேட்டில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். நாங்கள் மீனுக்கு ஊசியில் போட்ட மரபணுத் தடுப்பு மருந்தை இவர்கள் தீவனத்தில் வைத்துக் கொடுக்கப் பார்க்கிறார்களாம். அந்தக் காலத்து அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று ஃபோனை எடுத்து என் முன்னால் வைத்தார்கள். நிவேதா என்ற பெண் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டாள்.

“சார், ஏழுமலைன்றவரு எந்தப் பீரியட் டைரக்டர்? ஹால்ல மாட்டியிருக்கிற ஃபோட்டோ வரிசையில அவர மட்டும் காணோமே?”

எனக்குக் காப்பி புரையேறிவிட்டது. தலையைத் தட்டிக்கொண்டு சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அன்று அவர்களிடம் வாயால் சொன்னதை, விட்டுப்போனதையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

நான் சின்ன காஞ்சிபுரத்துக்காரன். அப்பா கோவில் மடைப்பள்ளியில் தளிகை செய்தவர். நான் மீனை ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. ஆனால் மீன் முகத்தில் விழிக்காத நாளும் என் உத்தியோக காலத்தில் இருந்ததில்லை. மாலையில் வீடு திரும்பினால் அம்மா வாசலிலேயே கையைக் காட்டி நிறுத்துவாள். “அங்கேயே நில்லுடா. கொல்லை வழியாப் போய் ஸ்நானம் பண்ணிட்டு உள்ளே வா.” அதே அம்மா, தெருவில் யாராவது என் வேலையைப் பற்றிக் குத்தலாகக் கேட்டால் விட்டுக்கொடுக்க மாட்டாள். “பெருமாளோட முதல் அவதாரத்துக்கு வைத்தியம் பார்க்கறான் எம் பிள்ளை. உங்காத்துல யாருக்காவது அந்தப் பாக்கியம் உண்டா?” என்பாள்.

படிப்பு, பிறகு வடக்கே ஒரு ஊரில் பயிற்சி, இவற்றை ஒரு மூச்சில் தாண்டிவிடலாம். அங்கே மரபணுவை வெட்டி ஒட்டக் கற்றேன், மூன்று வேளையும் சப்பாத்தி சாப்பிடக் கற்றேன். இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ஊர் திரும்பி, பாலாற்றுப் பக்கம் இருந்த இந்த ஆய்வகத்தில் டாக்டர் ஜெசிந்தாவின் கீழ் சேர்ந்தேன்.

ஜெசிந்தா மேடம் தூத்துக்குடிக்காரர். உப்பளத்து வரப்பில் நடந்து பள்ளிக்கூடம் போனவர். அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். சாதாரண நாளில் நான் “ஏய்யா வரதா”. குடுவை உடைந்தால் “வரதராஜன்”. பெரிய தப்பு நடந்துவிட்டால், “வரதராஜன் சார், உக்காருங்க, டீ சாப்பிடுதீங்களா?” அந்த டீயைக் கையில் வாங்கி நடுங்காத ஆள் எங்கள் ஆய்வகத்தில் கிடையாது. இன்னொரு குணமும் உண்டு. நான் ரோகு மீனுக்கு ஊசி போடும்போது பக்கத்தில் நின்று, அதை எப்படிக் குழம்பு வைக்க வேண்டும் என்று விரிவாகச் சொல்லுவார். என் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் அவருக்கு அலாதி ஆனந்தம்.

ஊசி போடுவதற்கு ஒரு முறை உண்டு. முதல் நாளே தீவனத்தை நிறுத்திவிடுவோம். வாளித் தண்ணீரில் கிராம்பு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கலப்போம். அறை முழுக்கப் பல்வலிக்காரன் வாய் மாதிரி மணக்கும். மீன் அதில் சற்று நேரம் நீந்தி, தள்ளாடி, பக்கவாட்டில் சாய்ந்துவிடும். ஈரத்துணியில் ஏந்தி எடுத்து, முதுகுத் துடுப்புக்குக் கீழே, இரண்டு செதிலுக்கு நடுவே சாய்வாக ஊசியை நுழைக்க வேண்டும். செதில் பெயரக் கூடாது. மருந்து போனதும் ஊசியை உடனே உருவினால் மருந்தும் கூடவே வெளியே வந்துவிடும். எனவே மனதுக்குள் ‘மாதாவே’ என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் உருவ வேண்டும் என்பது மேடத்தின் அளவு. நான் ‘நாராயணா’ என்று மூன்று தரம் சொன்னேன். என் மீன்களுக்கு அரை நொடி கூடுதலாகக் கிடைத்தது.

இந்தச் சமயத்தில்தான் ஏழுமலை வந்தார். ஐயம்பேட்டை விவசாயி. நெல் போட்ட நிலத்தைக் குளமாக வெட்டி மீன் வளர்த்துக்கொண்டிருந்தார். மாசியில் ஒரு காலை வேளை, ஷேர் ஆட்டோவில் ஈரச்சாக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். சாக்குக்குள் ஒரு கட்லா மீன். உடம்பெல்லாம் காசு காசாகச் சிவந்த புண்.

“மார்கழி பனி எறங்கினா இந்தப் புண்ணு வந்துடுது சார். ரெண்டு வருசமா அள்ளி அள்ளிக் கொட்டிக்கினு இருக்கேன். மச்சான் சொல்றான், மண்ணு கொட்டி மூடு, பிளாட்டு போட்டு வித்துடலாம்னு. வர்ற மார்கழி ஒண்ணு பாக்கறேன். தாண்டலைனா தையில லாரிய வரச் சொல்லிட்டேன்” என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சாக்கை அவர் கீழே வைக்கவே இல்லை.

நாங்கள் செய்துகொண்டிருந்த மருந்து அந்தப் புண்ணை உண்டாக்கும் கிருமிக்கு எதிரானதுதான். அவருக்கு எனக்குத் தெரிந்த வகையில் விளக்கினேன். பழைய தடுப்பூசியில் செத்த கிருமியை உள்ளே செலுத்துவார்கள். இதில் கிருமியே கிடையாது. கிருமியின் மேல்தோலில் ஒரு துண்டை எப்படிச் செய்வது என்ற குறிப்பு மட்டும் போகும். மீனின் சதையே அதைப் படித்து அந்தத் துண்டைச் செய்துகொள்ளும். அதைப் பார்த்து உடம்பு உஷாராகிவிடும். “புளியோதரை அனுப்பாமல் பக்குவத்தை மட்டும் எழுதி அனுப்புகிற மாதிரி” என்றேன்.

ஏழுமலை யோசித்தார். அவர் மனைவி சரோஜா வீட்டில் பட்டு நெய்பவர். “அட, தறிக்கு மேல மாட்றாங்களே, டிசைன் அட்டை, அத்த மாதிரி. அட்டைய மட்டும் அனுப்பிட்டா மீனே நெய்துக்கும்” என்றார். என் புளியோதரையை விட அது பொருத்தமாக இருந்தது. மேடம் அன்று முதல் எல்லாக் கூட்டங்களிலும் அட்டையைத்தான் சொன்னார்.

சோதனைக்கு வேண்டிய குஞ்சுகளை ஏழுமலையே கொடுத்தார். இரண்டு குப்பிகள், ஒன்றுக்குச் சிவப்பு மூடி, ஒன்றுக்கு நீல மூடி. ஒன்றில் மருந்து, மற்றதில் மருந்தில்லாத வெறும் கரைசல். எது எது என்று மேடத்துக்கு மட்டும்தான் தெரியும். ஊசி போட்டு, குப்பி மூடியின் நிறப்படி தனித்தனித் தொட்டிகளில் விட்டு, சில வாரம் கழித்து எல்லாத் தொட்டியிலும் கிருமியைக் கலப்பது என்று ஏற்பாடு. மருந்து போட்டது பிழைக்க வேண்டும், போடாதது சாக வேண்டும். சாகாவிட்டால் மருந்து வேலை செய்ததா என்று சொல்ல முடியாது.

இது ஏழுமலைக்குப் பிடிக்கவில்லை. “இன்னா சார் அநியாயமா இருக்குது? ஒரு வீட்ல ரெண்டு புள்ளைங்க இருந்தா ஒண்ணுக்குச் சோறு போட்டு ஒண்ணைப் பட்டினி போடுவாங்களா?” என்று கேட்டார். நான் சொன்ன பதிலைப் பொறுமையாகக் கேட்டுத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மீன் கொடுத்தவருக்கு மீனைப் பார்க்கும் உரிமை உண்டு என்பது மேடத்தின் சட்டம். ஏழுமலை வருவார், ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொள்வார், கிருமிநாசினித் தண்ணீரில் காலை நனைப்பார், தொட்டி தொட்டியாகக் குனிந்து பார்ப்பார். கையில் எப்போதும் ஒரு மஞ்சள் பை இருக்கும். கத்திரிக்காய் வாங்கிப் போகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

கிருமி கலந்தோம். நீல மூடித் தொட்டிகளில் புண் கிளம்பியது. மேடம் முகத்தில் சந்தோஷம். அப்புறம் அந்தப் புண்கள் ஆறத் தொடங்கின. ஒன்றிரண்டு செத்தன, மற்றவை பசியோடு தீவனத்துக்கு ஓடி வந்தன. சிவப்பு மூடித் தொட்டிகளிலும் ஒன்றிரண்டுதான் செத்தன. முடிவில் இரண்டு கோஷ்டியும் ஒரே மாதிரி துள்ளிக்கொண்டிருந்தன. உலகத்தில் மீன் பிழைத்ததற்காகத் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். கிருமி வலுவிழந்துவிட்டதா என்று சோதித்தோம், இல்லை. குப்பிகள் மாறிவிட்டனவா என்று பார்த்தோம், மாறவில்லை. திட்டத்தைப் பரிசீலிக்க மேலிடத்திலிருந்து ஆட்கள் வரப்போகிற சமயம் வேறு. மேடம் என்னை இரண்டு நாளாக “சார்” என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மேடம் ஒரு நீல மூடித் தொட்டியின் வெளி விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் தெறித்துக் காய்ந்த இடத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. கையுறை விரலால் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மாறியது.

“ஏய்யா வரதா, இங்க வாய்யா. இது என்னன்னு தெரியுதா?”

“சுண்ணாம்பா மேடம்?”

“நல்லா சொன்னே போ. தூத்துக்குடிக்காரிக்கு இது தெரியாதா? உப்புய்யா. கல்லுப்பு.”

தண்ணீரை அளந்து பார்த்தோம். புண் வந்த நீல மூடித் தொட்டிகளில் மட்டும் உப்பு ஏகத்துக்கு இருந்தது. எனக்கு உடனே அந்த மஞ்சள் பை கண் முன்னால் வந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உடம்பில் மருவோ புண்ணோ வந்தால், சரியாகட்டும் என்று வேண்டிக்கொண்டு கோவில் குளத்தில் உப்பு போடுவார்கள். உப்பு கரைவது போலப் புண்ணும் கரையும் என்று நம்பிக்கை. சின்ன வயதில் எனக்கே அம்மா போட்டிருக்கிறாள். அப்படியும் எனக்கு இது தோன்றாமல் போனதுதான் வேடிக்கை.

அடுத்த முறை ஏழுமலை வந்தபோது மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டார். “ஏழுமலை சார், உக்காருங்க. டீ சாப்பிடுதீங்களா?”

நான் சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டேன். ஏழுமலையோ சாவகாசமாக உட்கார்ந்து, “குடுங்கம்மா. சர்க்கரை கொஞ்சம் தூக்கலா போடச் சொல்லுங்க” என்றார்.

“தொட்டியில உப்பு போட்டீங்களா சார்?”

“ஆமாம்மா” என்றார் அவர் முகம் மலர்ந்து. “வேண்டிக்கினு, புண்ணு இருக்கிற தொட்டிக்கெல்லாம் ஆளுக்கு ஒரு படி கொட்டினேன். கேட்டுச்சா? ஆறிப்போச்சா?”

“அதைக் கோவில் குளத்துலல்ல போடணும்?”

“குளத்துல போட்டா அங்க இருக்கிற மீனுக்குத்தானேமா போய்ச் சேரும்? நோவு இங்க இல்ல இருக்குது!”

மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு துடித்தது. அப்புறம் அடக்க முடியாமல் சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். என்ன ஏது என்று புரியாமல் ஏழுமலையும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

சிரிப்பு அடங்கியதும் மேடம் அவருக்கு விளக்கினார். நல்ல தண்ணீர் மீனுக்குப் புண் வந்தால், உடம்பில் உள்ள உப்பு புண் வழியாகத் தண்ணீரில் இறங்கிவிடும், மீன் சோர்ந்து சாகும். தண்ணீரிலேயே உப்பு இருந்தால் மீன் தாக்குப்பிடிக்கும். எனவே அவர் உப்பு நிஜமாகவே வேலை செய்திருக்கிறது, ஆனால் எங்கள் சோதனை பாழாகிவிட்டது, மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும், மறுபடியும் குஞ்சு வேண்டும் என்றார்.

“செய்ங்கம்மா. முடிஞ்சதும் மார்கழிக்குள்ள எங்குளத்துக்கும் ஊசி போட்டுடலாம் இல்ல?”

நானாக இருந்தால் பார்க்கலாம் என்று மழுப்பியிருப்பேன். மேடம் மழுப்பவில்லை. “இல்ல ஏழுமலை. இது மரபணு மருந்து. அரசாங்கம் அனுமதி குடுக்காம ஒரு மீனுக்குக்கூட வெளியில போட முடியாது. அதுக்குப் பல வருசம் ஆகும். இந்த மார்கழிக்கு வராது” என்றார்.

ஏழுமலை டீ டம்ளரைக் கீழே வைத்தார். “அப்போ எனக்கு இன்னாத்துக்குமா இது?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பூட்ஸைக் கழற்றி ஓரமாக ஒழுங்காக வைத்துவிட்டுப் போனார். அவர் அந்த மருந்தை நம்பித்தான் இத்தனை நாள் லாரியை நிறுத்தி வைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு ரொம்பச் சங்கடமாக இருந்தது.

மறுநாள் மேடமும் நானும் ஐயம்பேட்டைக்குப் போனோம். மேடம் குளத்தைச் சுற்றி வந்தார், மண்ணை எடுத்துப் பார்த்தார், வரப்பில் உட்கார்ந்துகொண்டார். “ஊசி வராது. ஆனா நீங்க போட்ட உப்பு இருக்குல்ல, அதை வச்சுப் பாக்கலாம். குளம் பூரா கொட்ட முடியாது. புதுக் குஞ்சைக் குளத்துல விடுமுன்ன உப்புத் தண்ணியில குளிப்பாட்டணும். குளத்துக்குச் சுண்ணாம்பு போடணும். மார்கழியில வெளித் தண்ணி, வெளி வலை உள்ள வரக்கூடாது. உறுதி சொல்ல மாட்டேன். கூட நின்னு செய்றோம்” என்றார்.

ஏழுமலை குளத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சரோஜா அம்மாதான் பேசினார். “ஏம்மா, நெசமாவே கூட நிப்பீங்களா?” என்று கேட்டு, மேடம் தலையாட்டியதும் கணவர் பக்கம் திரும்பினார். “வேண்டிக்கினது குளத்துக்கு, கொட்டினது இவங்க தொட்டியில. எல்லாத்தையும் கெடுத்துட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினா ஆயிடுச்சா? வாங்கற குஞ்சுல ஒரு பங்கு இவங்களுக்குக் குடு.”

ஆடியில் குஞ்சு வந்தது. மேடம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் வலைவலையாகக் குஞ்சுகளை முக்கி எடுத்தார். நான் பக்கத்தில் நின்று, அவை மிரள்கின்றனவா என்று பார்த்துச் சொன்னேன். ஐயம்பேட்டையில் அதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. மச்சான் மட்டும் தள்ளி நின்று, “மீனுக்கு ஊறுகா போடறாங்க டோய்” என்றார்.

எங்கள் சோதனையையும் திரும்பத் தொடங்கினோம். இந்த முறை எல்லாத் தொட்டிக்கும் கம்பி மூடி, மூடிக்குப் பூட்டு. கிருமி கலக்கும் வேளை புரட்டாசியில் வந்தது. “பொரட்டாசியில எங்க வீட்ல முட்டைகூட உடைக்க மாட்டோம்மா. எம் மீன அந்த மாசத்துல சாகடிக்காதீங்க” என்றார் ஏழுமலை. மேலிடத்து ஆட்கள் வருகையைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, மேடம் ஐப்பசி வரை காத்திருந்தார். சோதனை முடியும் வரை தான் உள்ளே வருவதில்லை என்று ஏழுமலையும் வாக்குக் கொடுத்தார். கேட் வரைக்கும் மட்டும் வருவார். அங்கே நின்றபடி என்னிடம், “இன்னிக்கு எத்தினி போச்சு சார்?” என்று கேட்பார். சொல்லுவேன். கேட்டுவிட்டுப் போய்விடுவார்.

நீல மூடித் தொட்டிகள் ஏறக்குறையக் காலியாயின. சிவப்பு மூடித் தொட்டிகளில் ஒன்றிரண்டைத் தவிர மற்றதெல்லாம் நீந்திக்கொண்டிருந்தன. கடைசி நாள் மேடம், “சிவப்புதான்யா மருந்து” என்று சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் கேட்டுக்கு ஓடினேன். ஏழுமலையை உள்ளே கூட்டி வந்து காட்டினோம். காலித் தொட்டிப் பக்கம் அவர் பார்க்கவில்லை. “இதுங்கள வூட்டுக்கு எடுத்துக்கினு போலாமா?” என்றார்.

போகக் கூடாது. மரபணு மருந்து ஏறிய மீன் உயிரோடு வெளியே போகக் கூடாது, கொன்று சுண்ணாம்பில் புதைக்க வேண்டும் என்பது விதி. அவர் முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது மேடம் முந்திக்கொண்டார்.

“வெளிய விட முடியாது. ஆனா ஊசி எத்தன வருசத்துக்குத் தாங்குதுன்னு பாக்க வேண்டாமா வரதா? அதுக்கும் ஒரு ஆராய்ச்சிக்கு எழுதுவோம். அதுவரைக்கும் இதுங்க இங்கயே இருக்கட்டும்.”

அனுமதியும் கிடைத்தது. பின்கட்டு சிமென்ட் தொட்டியில் அந்த மீன்கள் பல வருடம் ராஜபோகமாக வாழ்ந்து, கையகலம் இருந்தது முழங்கை நீளம் ஆகி, வயதாகிச் செத்தன. ஏழுமலை பொரிப் பொட்டலத்தோடு வந்து அவற்றைப் பார்த்துவிட்டுப் போவார். பொரி போடுவதற்கு முன் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் காட்டுவார். “பொரிதான் சார். நீங்களே பாத்துக்கங்க.” பலகையும் அவர் யோசனைதான். “என்னாட்டம் எவனாவது வருவான் சார்” என்று சொல்லி, அவரே எழுதி வாங்கிக்கொண்டு வந்து மாட்டினார்.

மார்கழி வந்தது. நானும் மேடமும் முறை போட்டுக்கொண்டு ஐயம்பேட்டைக்கு ஓடினோம். ஏழுமலை விடியற்காலையில் குளத்தங்கரையில் முண்டாசோடு உட்கார்ந்திருப்பார். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புண் தெரிந்தது. பிடித்து வெளியேற்றினோம். பரவவில்லை. தை பிறந்தது, லாரி வரவில்லை. வலை இழுத்த அன்று, பளபளவென்று துள்ளிய மீன்களுக்கு நடுவே ஏழுமலை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று மேடத்தைப் பார்த்துக் கும்பிட்டார். வலையின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவர் அந்த மச்சான்தான். நான் கரையில் நின்று அழுதேன். மீன் வாடையில் கண் எரிகிறது என்று மேடத்திடம் சொன்னேன். “இத்தனை வருசமா எரியாததா இன்னிக்கு எரியுது?” என்றார்.

எங்கள் ஊசி மருந்து அதற்குப் பிறகும் குளத்துக்கு வரவில்லை. ஒவ்வொரு மீனாகப் பிடித்து ஊசி போடக் கட்டுப்படியாகாது என்பது ஒரு காரணம், அனுமதி ஒரு காரணம். நிவேதாவும் கூட்டாளிகளும் அதைத் தீவனத்தில் வைத்துக் கொடுத்துவிட்டால் எனக்கு நிறைவாக இருக்கும். தொட்டிப் பூட்டை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர்கள் வந்து போன சில நாளில் எனக்கு முதுகில் அக்கி கண்டது. படுக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தபோது ஏழுமலை வந்தார். இப்போது அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“டாக்டருகிட்ட காட்டினீங்களா? மாத்திரை எல்லாம் எடுத்துக்கினு இருக்கீங்களா?”

“எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்” என்றேன்.

“எடுத்துக்கங்க. வர வழியில கோவில் குளத்துல ஒரு படி உப்பு போட்டுட்டு வந்துட்டேன்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “உங்களத் தொட்டியில வுட முடியாது இல்ல? அதான் குளத்துலயே போட்டேன்” என்றார்.

அக்கி ஆறிவிட்டது. மாத்திரையால் ஆறியதா, உப்பால் ஆறியதா என்று என்னால் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே அக்கியோடு, உப்பு போட ஆளில்லாத இன்னொரு வரதராஜன் வேண்டும். அப்படி ஒருவன் எங்கும் இருக்க வேண்டாம்.